ஒரு சிற்றாறும் அதன் ஊர்களும்
பஃபலோ கிறீக் பள்ளத்தாக்கு தரும் பாடம்

ஆறு என்றவுடன் எமது நினைவுக்கு வருவது நீரோடும் பாதை மட்டுமே. ஆனால் ஆறு என்பது அது மட்டுமன்று. அது பிறக்கும் மலை, அதற்கு நீர் தரும் சரிவுகள், அதன் கரையில் வாழும் மக்கள், மேலே இருந்துகொண்டு அதன் நீரைத் தடுப்பவர்கள், கீழே இருந்துகொண்டு அதன் பெருக்கைத் தாங்குபவர்கள் எல்லாரும் சேர்ந்ததுதான் ஒரு ஆறு. இதனை விளங்கிக்கொள்வதற்கு, வெகு தொலைவில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஓடும் மிகச் சிறிய ஓர் ஆற்றைப் பற்றி இங்கு பார்ப்போம். அதன் பெயர் பஃபலோ கிறீக். 'எருமை ஓடை' என்று பொருள் கொள்ளலாம். எமது எருமை அன்று. ஒரு காலத்தில் அப்பகுதிக் காடுகளில் வாழ்ந்த பைசன் என்னும் காட்டெருமையையே இப்பெயர் குறிக்கும்.

உலகப் படத்தில் இந்த ஆற்றைக் காண முடியாது. அதன் நீளம் 17 மைல் அளவுதான். அது நீர் பெறும் நிலப்பரப்பு ஏறக்குறைய 45 சதுர மைல். ஆயினும் இருந்த இடத்தை ஒரே காலையில் இழந்து, முகாம்களில் வாழ்ந்து, மீண்டும் ஊராக முயன்ற மக்களின் கதை இந்த ஆற்றோடு பின்னியிருக்கிறது. ஆகையால் உங்களுக்கு இது அந்நியமான கதையாக இராது என நம்புகிறோம்.

மலை எழுந்ததா, பள்ளம் வெட்டப்பட்டதா?

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக நீண்டு கிடப்பது அப்பலாச்சியன் மலைத்தொடர். அதன் மேற்குப் பக்கத்தில் உள்ள பகுதியை மேட்டுநிலம் என்பர். மேற்கு வேர்ஜீனியா மாநிலத்தின் பெரும்பகுதி இந்த மேட்டுநிலத்திலேயே அமைந்துள்ளது. பஃபலோ கிறீக் ஓடும் லோகன் மாவட்டமும் அங்கேயே உள்ளது.

அங்கு போய் நிற்பவருக்கு எங்கு பார்த்தாலும் செங்குத்தான மலைகளே தெரியும். ஆனால் மலையுச்சி ஒன்றில் ஏறி நின்று பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கும். சுற்றியுள்ள உச்சிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். காரணம் யாதெனில், இவை தனித்தனியே எழுந்த மலைகள் அல்ல. முன்பு இது உயர்ந்த ஒரே நிலப்பரப்பாக இருந்தது. மழைநீர் பல இலட்சம் ஆண்டுகளாக அதனை அறுத்து அறுத்துப் பள்ளங்களை உண்டாக்கியது. அறுபடாமல் மிஞ்சியதே இன்று மலையாகத் தெரிகிறது. அங்கு மலையைச் செய்தது ஆறுதான் எனலாம்.

நிலத்தின் உள்ளே பாறைகள் படுக்கைப் படைகளாக, ஒன்றன் மேல் ஒன்றாக, பாய் விரித்ததுபோலக் கிடக்கின்றன. மணற்கல் ஒரு படை, களிப்பாறை ஒரு படை, இடையிடையே கறுப்பாக நிலக்கரிப் படை. ஏறக்குறைய 30 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அங்கிருந்த சதுப்பு நிலக் காடுகள் மண்ணுக்குள் புதைந்து, அழுத்தப்பட்டு, நிலக்கரியாக மாறின. ஆறுகள் மலையை அறுத்தபோது இந்தக் கறுப்புப் படைகள் சரிவுகளில் வெளியே தெரியலாயின. இந்த ஒன்றே பின்னாளில் அப்பள்ளத்தாக்கின் தலைவிதியைத் தீர்மானித்தது.

நீரின் பாதை

பாறைகள் படுக்கையாகக் கிடக்கும் நாட்டில் நீர் எப்பக்கமும் ஓடலாம். ஆகவே அங்கு ஓடைகள் ஒரு மரத்தின் கிளைகளைப்போல் பரந்து அமைகின்றன. சிறு கிளை பெருங்கிளையில் சேரும். பெருங்கிளை அடிமரத்தில் சேரும். ஒவ்வொரு சிறு கிளையும் ஓடும் ஒடுங்கிய பள்ளத்தை அவ்வூரவர் 'ஹொலோ' என்று சொல்வர். மலையிடுக்கு என்று நாம் சொல்லலாம்.

பஃபலோ கிறீக்கின் தலைப்பில் இத்தகைய மூன்று கிளைகள் சோன்டர்ஸ் என்னும் சிற்றூருக்கு அருகே கூடுகின்றன. அதில் நடுவே உள்ளதை நடுக் கிளை என்பர். அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஆறு வளைந்து வளைந்து இறங்கி, மேன் என்னும் பட்டினத்தில் கையன்டொட் ஆற்றில் விழுகிறது. கையன்டொட் வடக்கே ஓடி, ஹன்டிங்டன் நகரத்தருகே ஒகையோ ஆற்றோடு கலக்கிறது. ஒகையோ மிசிசிப்பியில் சேர்ந்து, இறுதியில் மெக்சிக்கோ வளைகுடாக் கடலை அடைகிறது. சோன்டர்ஸில் ஒரு கூரையிலிருந்து வழியும் மழைநீர், ஆயிரம் மைல்களுக்கு மேல் ஓடித்தான் கடலைக் காண்கிறது.

எமது வரண்ட வலயத்துச் சமதரையில் ஆறு பெருகினால் அது பக்கங்களிற் பரவும். வயல் மூழ்கும், வீதி மூழ்கும். ஆனால் நீர் பரவப் பரவ அதன் வேகம் குறையும். பஃபலோ கிறீக்கிலோ பரவ இடமில்லை. இரு பக்கமும் மலை. நடுவே உள்ள தட்டையான நிலம் பல இடங்களில் சில நூறு அடி அகலந்தான். அந்தச் சிறு அகலத்துக்குள் ஆறு, வீதி, புகையிரதப் பாதை, வீடுகள் எல்லாம் அடங்கவேண்டும். பெருக்கு வந்தால் நீர் அகலமாகாது; உயரமாகும். இந்த வேறுபாட்டை மனதில் இருத்தினால்தான் பின்னர் நடந்தது விளங்கும்.

ஊர்கள் ஏன் வரிசையாக அமைந்தன?

தொடக்கத்தில் அங்கு குடியேறியோர் கமக்காரரே. ஆற்றோரத்துச் சிறு தட்டையில் சோளமும் மரக்கறியும் செய்து, சரிவுகளில் மாடும் பன்றியும் மேயவிட்டு வாழ்ந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெளியாட்கள் வந்து நிலத்தை வாங்கத் தொடங்கினர். சிலரிடம் முழு நிலத்தையும் வாங்கினர். வேறு சிலரிடம் நிலத்துக்குக் கீழே உள்ள கனிய உரிமையை மட்டும் வாங்கினர். மேலே உழுபவர் ஒருவர், கீழே உள்ளதற்கு உரிமையாளர் வேறொருவர் என்ற நிலை இவ்வாறு உண்டானது. கையெழுத்து வைத்த பலருக்குத் தாம் எதனை விற்றோம் என்பது, புகையிரதப் பாதை வந்து சுரங்கம் திறந்த பின்னரே முழுமையாக விளங்கியது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புகையிரதம் லோகன் மாவட்டத்துக்கு வந்தது. அதன் பின் பஃபலோ கிறீக் நெடுகிலும் சுரங்கங்களும், அவற்றுக்குரிய ஊர்களும் எழுந்தன. கம்பனி கட்டிக்கொடுத்த, ஒரே மாதிரியான வீடுகளின் வரிசைகள் அவை. மலையகத் தோட்டங்களின் லயன்களை அறிந்தவர்கள் அக்காட்சியை ஓரளவு கற்பனை செய்யலாம். சோன்டர்ஸ், லொறாடோ, லண்டேல், அமெர்ஸ்ட்டேல், அக்கோவில், கிஸ்லர் என்று 16 ஊர்கள், ஒரு நூலில் கோத்த மணிகளைப்போல ஆற்றோரமாக அமைந்தன. 1972 ஆம் ஆண்டளவில் அங்கு ஏறக்குறைய 5,000 பேர் வாழ்ந்தனர். அப்போது பலர் தாம் இருந்த வீடுகளைச் சொந்தமாக வாங்கித் திருத்தியிருந்தனர். முற்றத்தில் பூமரமும் பின்வளவில் மரக்கறித் தோட்டமும் வைத்திருந்தனர். ஒருவருக்கு ஒருவர் மூன்று தலைமுறை அயலவராய் இருந்தனர்.

வான் இல்லாத கட்டு

தோண்டியெடுக்கும் நிலக்கரியோடு கல்லும் களியும் சேர்ந்தே வரும். அதனை நீரில் கழுவித்தான் விற்பனைக்கு அனுப்புவர். ஆகவே இரண்டு வகையான கழிவு மிஞ்சும். ஒன்று கல்லும் களியும் கரித்தூளும் கலந்த திண்மக் கழிவு. மற்றது கழுவிய கறுப்பு நீர். சமதரை இல்லாத நாட்டில் இவற்றை எங்கே போடுவது? கம்பனிக்கு இலகுவாகத் தெரிந்த இடம் மலையிடுக்கு ஒன்றின் வாய். 1957 இல் நடுக் கிளையின் வாயில் கழிவைக் கொட்டத் தொடங்கினர். பின்னர் கறுப்பு நீர் தெளிவதற்காக, அதே கழிவைக் குறுக்கே குவித்து ஒரு கட்டு எழுப்பினர். அது நிரம்பவே 1966 இல் இன்னொரு கட்டு. 1968 இல் மூன்றாவது கட்டைத் தொடங்கி உயர்த்தி வந்தனர். இந்த மூன்றாவது கட்டு ஏறக்குறைய 60 அடி உயரமானது.

குளக்கட்டு எப்படி அமையவேண்டும் என்பது உங்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அடி மண்ணை வெட்டி உறுதியான நிலத்தில் அத்திவாரம் இடவேண்டும். நல்ல களிமண்ணைப் படைபடையாகப் போட்டு இறுக்க வேண்டும். மேலதிக நீர் கட்டைத் தாண்டாமல் ஒரு பக்கத்தால் பாய்வதற்கு வான் வேண்டும். நீரை அளவாகத் திறந்துவிடத் துருசு வேண்டும். எமது முன்னோர் கட்டிய மிகச் சிறிய கிராமக் குளத்திலும் இவை உண்டு.

நடுக் கிளையின் மூன்றாவது கட்டிலோ இவை எவையும் முறையாக இருக்கவில்லை. இரண்டாவது கட்டின் பின்னால் படிந்து கிடந்த சேற்றின் மேலேயே அது எழுப்பப்பட்டது. லொறிகள் கழிவைக் கொட்டின, புல்டோசர் தள்ளி மட்டப்படுத்தியது, அவ்வளவே. நீரை வெளியேற்ற ஒரு குழாய் மட்டும் வைக்கப்பட்டிருந்தது. வான் வெட்டப்படவில்லை.

எவரும் எச்சரிக்கவில்லையா? எச்சரித்தார்கள். 1966 இல் வேல்ஸ் நாட்டின் அபர்பான் என்னும் ஊரில் நிலக்கரிக் கழிவு மலை சரிந்து ஒரு பாடசாலையை மூடியது. 116 சிறுவர்கள் உட்பட 144 பேர் மாண்டனர். அதன் பின் அப்பலாச்சியாவின் கழிவுக் குவியல்களையும் அரசாங்கப் புவியியலாளர் பார்வையிட்டனர். 1968 இல் சோன்டர்ஸ் ஊரின் பெண்ணொருவர், கட்டு உடைந்தால் தமது ஊரின் கதி என்ன என்று மாநில ஆளுநருக்கே கடிதம் எழுதினார். அதிகாரிகள் வந்து பார்த்தனர், போயினர். 1971 பெப்ரவரியில் மூன்றாவது கட்டின் ஒரு பகுதி சரிந்தது. அந்நேரம் இரண்டாவது கட்டு தாங்கிக்கொண்டது. கம்பனிக்கு ஓர் அறிவித்தல் அனுப்பப்பட்டது. அதன் மேல் எதுவும் நடக்கவில்லை.

1972 பெப்ரவரி 26

அந்த வாரம் மூன்று நாட்களில் 3.7 அங்குல மழை பெய்தது. அந்த நாட்டுக்கு அது எப்போதாவது ஒருமுறை பெய்யும் பேய்மழை அன்று. முதல்நாள் இரவு முழுவதும் கம்பனியின் ஆட்கள் கட்டின் நீர்மட்டத்தை அளந்தவண்ணம் இருந்தனர். நீர் மணிக்கு ஓரிரு அங்குலமாக ஏறியது. சோன்டர்ஸ் மக்கள் சிலர் தாமாகவே பயந்து வீடுகளை விட்டுக் கீழேயுள்ள பாடசாலைக்குப் போயினர். ஆனால் பள்ளத்தாக்கு முழுவதற்குமான எச்சரிக்கை எதனையும் கம்பனி விடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை 8 மணியளவில் நனைந்து ஊறியிருந்த கட்டு அப்படியே சரிந்தது. பின்னால் நின்ற 13 கோடி 20 இலட்சம் கலன் கறுப்பு நீரும் சேறும் மற்ற இரு கட்டுகளையும் தாண்டிப் பாய்ந்தன. எரிந்துகொண்டிருந்த கழிவுக் குவியலில் நீர் பட்டபோது வெடிகள் எழுந்தன. சில நிமிடங்களில் சோன்டர்ஸ் ஊர் இல்லாமற் போனது. பத்து முதல் இருபது அடி உயரமான நீர்ச்சுவர், வீடுகளையும் வாகனங்களையும் பாலங்களையும் தள்ளிக்கொண்டு ஊர் ஊராக இறங்கியது. மேன் பட்டினத்தை அடைய அதற்கு மூன்று மணி நேரம் எடுத்தது.

மாண்டோர் 125 பேர். ஏழு பேரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. காயமுற்றோர் ஆயிரத்துக்கு மேற்பட்டோர். அழிந்த வீடுகள் 500 இற்கு மேல். 5,000 பேரில் 4,000 இற்கு மேற்பட்டோர் வீடற்றோராயினர்.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். 13 கோடி 20 இலட்சம் கலன் என்பது பெரிய தொகையாகத் தோன்றும். எமது நீர்ப்பாசனக் கணக்கில் அது ஏறக்குறைய 400 ஏக்கர் அடிதான். ஒரு சிறிய கிராமக் குளம் கொள்ளும் அளவு அது. சமதரையில் அது 400 ஏக்கரில் ஓரடி உயரத்துக்குப் பரவி நிற்கும். பயிர் கெடும்; ஆனால் மனிதர் நடந்து தப்பலாம். அதே நீர், ஒடுங்கிய செங்குத்தான பள்ளத்தாக்கின் தலைப்பிலிருந்து ஒரேயடியாக விடப்பட்டபோது 125 உயிர்களைக் குடித்தது. எவ்வளவு நீர் என்பது மாத்திரமன்று, அது எங்கே நிற்கிறது, அதன் கீழே நிலம் எப்படி அமைந்திருக்கிறது என்பதும் அதேயளவு முக்கியமாகும்.

கம்பனி இதனைக் 'கடவுளின் செயல்' என்று சொன்னது. அது சட்டத்தில் வழங்கும் ஒரு சொற்றொடர்; மனிதர் எவரும் பொறுப்பல்லர் என்பதே அதன் கருத்து. அந்தப் பள்ளத்தாக்கின் மக்கள் பக்தியுள்ளவர்கள். செய்ததையும் செய்யாமல் விட்டதையும் கடவுளின் தலையில் ஏற்றியதே அவர்களை மிகவும் நோகச் செய்தது. மழையைக் கடவுள் தந்திருக்கலாம்; கட்டைக் கட்டியவன் மனிதன்.

முகாமில் இழந்தது என்ன?

வீடிழந்தோருக்காக அரசாங்கம் 13 முகாம்களை அமைத்தது. சக்கரங்களில் இழுத்துவரும் பெட்டி வீடுகள் அங்கே நிரைநிரையாக நிறுத்தப்பட்டன. விரைவில் கூரை கிடைத்தது, அது உண்மை. ஆனால் முதலில் வந்தவருக்கு முதலில் என்ற ஒழுங்கிலேயே வீடுகள் பகிரப்பட்டன. யார் யாருக்கு அயல், யார் யாருக்கு உறவு என்று எவரும் கேட்கவில்லை. லண்டேல் ஊரவர் ஒரு முகாமில் சிலரும் வேறு முகாமில் சிலருமாகச் சிதறினர். பக்கத்துப் பெட்டியில் இருப்பவர் எந்த ஊர் என்றே தெரியாது.

கை எறிக்சன் என்னும் சமூகவியலாளர் இம்மக்களிடையே ஆய்வு செய்து 1976 இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் கண்டது இது: இந்த மக்களுக்கு இரண்டு அடிகள் விழுந்தன. முதலாவது, நீர் வந்த காலையில் ஒவ்வொருவரும் கண்ட கொடுமை. இரண்டாவது, அயல் என்ற ஒன்று இல்லாமற் போனது. இந்த இரண்டாவது அடி சத்தமில்லாமல், மெதுவாக விழுந்தது. வீடு இருந்தும், உணவு இருந்தும், உயிர் பிழைத்தும், மாதக் கணக்காக மக்கள் உறக்கமின்றியும் மழைச் சத்தத்துக்கு அஞ்சியும் எதிலும் மனம் செல்லாமலும் இருந்தனர். ஒருவருக்கு ஒருவர் தாங்கியாக இருந்த அயலே சிதறியிருந்தபடியால், ஒருவர் துக்கத்தை மற்றவர் ஆற்றவும் இயலவில்லை. இதை வாசிக்கும் உங்களிற் பலருக்கு இதனை விளக்கத் தேவையில்லை.

புதிதாக 750 வீடுகள் கட்டித் தருவதாகச் சொல்லப்பட்டது. கட்டப்பட்டவை 17 மாதிரி வீடுகளும் 90 தொடர்மாடி வீடுகளுமே. ஆயினும் மக்கள் சும்மா இருக்கவில்லை. 600 இற்கு மேற்பட்டோர் ஒன்றுசேர்ந்து வழக்குத் தொடுத்தனர். 1974 இல் கம்பனி 1 கோடி 35 இலட்சம் டொலர் கொடுத்து இணங்கியது. உடலுக்கும் உடைமைக்கும் மட்டுமன்றி, மனதுக்கு ஏற்பட்ட காயத்துக்கும் அவ்வழக்கில் ஈடு கேட்கப்பட்டது குறிப்பிடத்தக்கது. மாநில அரசாங்கமோ 10 கோடி டொலர் கேட்டுத் தொடுத்த தனது வழக்கை 1977 இல் 10 இலட்சம் டொலருக்கு முடித்துக்கொண்டது. 1972 இல் நாடு முழுவதும் அணைகளைப் பரிசோதிப்பதற்கான சட்டமும், 1973 இல் மேற்கு வேர்ஜீனியாவில் அணைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் நிறைவேறின. இவை பின்னாளில் பிறந்தோருக்குப் பயன்பட்டன.

ஆறு மீண்டும்

வெள்ளத்தின் பின்னர் பஃபலோ கிறீக் பல காலம் கறுப்புச் சேறாய்க் கிடந்தது. மீன் இல்லை. பின்னாளில் உள்ளூர் மக்கள் தாமே ஒரு சங்கமாகக் கூடி ஆற்றைத் துப்புரவு செய்தனர். குப்பை அகற்றினர்; நீரின் தன்மையைத் திருத்தினர்; ட்ரவுட் என்னும் நன்னீர் மீனை ஆற்றில் விடச் செய்தனர். இன்று அங்கு தூண்டிலோடு வருவோர் உண்டு. கிஸ்லரில் மாண்டோரின் பெயர்களைப் பொறித்த நினைவுக் கல் நிற்கிறது. எல்லோரும் திரும்பவில்லை; எல்லா ஊர்களும் மீளவில்லை. ஆனால் ஆறு மீண்டது, அதனை மீட்டவர்கள் அதன் கரையில் இருந்தவர்களே.

நாம் கேட்கவேண்டியவை

புதிய இடத்தில் குடியமரும்போதும், பழைய இடத்துக்குத் திரும்பும்போதும், அருகே ஓடும் அருவியையோ வாய்க்காலையோ பற்றிப் பின்வருவனவற்றை விசாரித்து அறிவது நன்று.

1. இந்த நீர் எங்கிருந்து வருகிறது? முடிந்தால் சிலர் சேர்ந்து ஒரு நாள் மேல்நோக்கி நடந்து பாருங்கள்.

2. மேலே எவராவது நீரைத் தேக்குகிறார்களா? கட்டு எதனால் ஆனது? வான் உண்டா? அது அடைபடாமல் இருக்கிறதா?

3. பெருக்கு வந்தால் நீர் பரவ இடமுண்டா, அல்லது உயரத்தான் வழியுண்டா? பழைய மரங்களில் உள்ள சேற்று அடையாளத்தையும் முதியோரின் ஞாபகத்தையும் கேட்டுப் பாருங்கள்.

4. இரவில் ஆபத்து வந்தால் யார் யாருக்கு அறிவிப்பது? மேடான இடம் எது? இதனைப் பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டும்.

5. காணியும் வீடும் பகிரப்படும்போது, ஒரே ஊரவர் அருகருகே அமைய இடம் கேளுங்கள். இது சலுகை அன்று. வீட்டைப்போல அயலும் ஒரு தேவையே.

6. முறைப்பாடு செய்வதாயின் எழுத்தில் செய்யுங்கள், ஒருவர் அல்ல, பலர் கையொப்பமிடுங்கள், பிரதியை வைத்திருங்கள், பதில் வரும்வரை திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

கடைசியாகச் சொன்னதைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1968 இல் சோன்டர்ஸ் ஊரின் பெண் எழுதிய கடிதத்தில் இருந்தது உண்மை. அவர் பொறியியலாளர் அல்லர். கட்டின் கீழே வாழ்ந்தவர். நாளும் அதனைப் பார்த்தவர். அந்த அறிவை மதித்து ஒரு வான் வெட்டியிருந்தால், நான்கு ஆண்டுகளின் பின் அப்பள்ளத்தாக்கில் ஒரு சனிக்கிழமை சாதாரண மழை நாளாகவே கழிந்திருக்கும்.